நாலு போயிட்டான்

ஏப்ரல் 20

இல்லை, ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் படுவதைச் சொல்கிறேன். ஜன்னலுக்கு வாடகையும் கொடுத்தாகிவிட்டது.

மலைச் சாலைக்கு அப்பால் தைல மரங்கள். அவற்றுக்குக் கீழே, ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதுபோல, ரேஸ் மைதானம். வெள்ளை வேலி வளையமாகச் சுற்றி வருகிறது. வெறுங்கண்ணுக்கே ஜாக்கிகளின் தொப்பி நிறம் தெரிகிறது. கூர்ந்து பார்த்தால் சேணத் துணியின் எண்ணும் தெரிகிறது, பைனாகுலரில் இன்னும் தெளிவாக.

தயாளன் அண்ணா போனில் இன்னொரு முறை விளக்கினார். என் பெரியம்மா மகன். கோயம்புத்தூரில் ஒரு மாடி அறையில் இரண்டு கம்ப்யூட்டர்களோடு இருக்கிறார். மைதானத்துக்குள் போன் கொண்டுபோக விடுவதில்லை. வெளியூர்க்காரர்கள் ஆப்பில்தான் பந்தயம் பார்க்கிறார்கள். அந்தப் படம் சில நொடிகள் பிந்தி வருகிறது. குதிரைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே ஆப்பில் பணம் கட்டலாம். ஆகவே, ஓடுவதை நேரில் பார்க்கும் ஒருத்தி காதோடு பேசிக்கொண்டிருந்தால் போதும்.

"அவனுக பாக்கறது பழைய சோறு கண்ணு. நீ பாக்கறது சுடுசோறு. யாவாரமே அவ்வளவுதான்."

கதை சொல்லக் கூடாதாம். குதிரையின் எண், பிறகு ஒரே ஒரு சொல். மற்றவற்றை விட்டுப் பிரிந்து முன்னால் போய்விட்டால் 'போயிட்டான்'. களைத்துவிட்டால் 'நின்னுட்டான்'. முடிவுக் கம்பத்தைத் தாண்டினால் 'வந்துட்டான்'.

பெட்டைக் குதிரைகளும் ஓடுகின்றனவே என்று கேட்டேன்.

"ரேஸ்ல எல்லாம் அவன்தான். குதிரையும் அவன், மேல உக்காந்திருக்கறவனும் அவன். நீ இலக்கணம் பாத்துட்டிருந்தா அடுத்த ரேஸே முடிஞ்சிரும்."

வீட்டுக்காரம்மாவிடம் ஆய்வேடு எழுத வந்திருப்பதாகச் சொன்னேன். பொய்யில்லை. பேச்சுத் தமிழில், நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்லும் வழக்கம் பற்றிய ஆய்வு. 'இதோ வந்துட்டேன்' என்பவன் இன்னும் சட்டைகூட மாட்டியிருக்க மாட்டான். யாரும் அவனைப் பொய்யன் என்பதில்லை. வந்துவிடுவான் என்று தெரியும்.

இரண்டு பத்தி எழுதினேன். குளிர். துவைத்த எதுவும் காயவில்லை.


ஏப்ரல் 21

வீட்டுக்காரம்மா பெயர் பிலோமினா. அக்கா என்றே கூப்பிடச் சொன்னாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கூட இருக்கும் தம்பி ஜெரோம், ஜாக்கி. இங்கேதான் ஓட்டுகிறார். முன்பே தெரிந்திருந்தால் வேறு வீடு பார்த்திருப்பேன்.

தயாளன் அண்ணாவிடம் சொன்னேன். "இருந்துட்டுப் போறான். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றார்.

பந்தய நாளில் அக்கா திரைகளை இழுத்துவிடுகிறாள். போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். "அடிச்சா எனக்கு உயிரே போயிரும். அணைச்சு வெச்சா அடிக்காதில்ல" என்றாள். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்கிறாள். மாடியில் ஆள் வந்ததில் அவளுக்கு இன்று ஒரு வழி கிடைத்துவிட்டது. படிக்கட்டின் அடியில் வந்து நின்று கூப்பிட்டாள்.

"இன்பா, ஜெரோம் வந்துட்டானா?"

"வந்துட்டார்க்கா."

"பத்திரமாவா?"

"பத்திரமா. அஞ்சாவதா வந்தார்."

"எத்தனையாவதா வந்தா எனக்கென்ன."

ஒரே பந்தயத்தை இரண்டு காதுகளுக்குச் சொல்கிறேன். ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று படிக்கட்டடியில்.

மாலையில் ஜெரோம் வந்தார். சின்ன உருவம். மணிக்கட்டு மட்டும் வேறு யாருடையதோ போல் பெரிது. அரை இட்லியோடு எழுந்துவிட்டார். "எடை பாக்கற மெஷினோடதான் இவன் குடும்பம் நடத்தறான்" என்றாள் அக்கா. "அது எதிர்த்துப் பேசாதுக்கா" என்றார் அவர்.


ஏப்ரல் 24

குழாயடியில் ஜெரோம்.

"என்ன டாக்டரம்மா, தீசிஸ் எந்த வளைவுல வருது?"

"இன்னும் ஸ்டார்ட்டிங் கேட்டே திறக்கல."

"அப்போ நம்ம ரெண்டு பேரும் ஒரே கேஸ். எனக்குக் குடுக்கற குதிரைங்களுக்கு கேட் திறந்தது அடுத்த நாள்தான் தெரியும்."

வியர்த்து எடை குறைப்பதற்காக வெயிலில் பிளாஸ்டிக் கோட்டு போட்டுக்கொண்டு ஓடுகிறார். பிறகு அதைக் கழுவிக் கொடியில் போடுகிறார். என் துப்பட்டாவுக்குப் பக்கத்தில். சொட்டிக்கொண்டே இருக்கிறது.

இதை எதற்கு எழுதுகிறேன்.


ஏப்ரல் 28

தயாளன் அண்ணாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"கண்ணு, நீ ரெண்டு வந்துட்டான்னு சொன்ன. நான் பணத்தக் கட்டினேன், டீ குடிச்சேன், டம்ளரைக் கழுவிக் கவுத்தும் வெச்சேன். அப்புறம்தான் ஆப்புல ரெண்டு வருது. என்ன நெட்டோ போ. இப்படியே இருக்கட்டும் சாமி."

மைதானத்துக் கூச்சலும் இன்று தாமதமாகத்தான் என்னிடம் வந்தது. குதிரைகள் கம்பத்தைத் தாண்டிய பிறகு ஒரு நீண்ட அமைதி. பிறகு கூட்டம் கத்தியது. ஒளியைவிட ஒலி மெதுவானது. மூடுபனியில் இன்னும் மெதுவாகலாம். பள்ளியில் படித்தது சரியாக நினைவில்லை.


மே 1

மழை. அரிசியும் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸும் வாங்கினேன். ஒரு பத்தி எழுதி அடித்தேன்.


மே 4

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் பந்தயம். "ஆறு வந்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் பைனாகுலரை இறக்கினேன். குதிரைகள் அப்போதுதான் தூரத்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தன.

மறுபடி கண்ணில் வைத்தேன். வெறும் புல். கம்பத்துக்கு அப்பால் ஜாக்கிகள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். குதிரைகளின் முதுகில் ஆவி.

இறக்கினேன். ஓடுகின்றன. ஆறாம் எண் கூட்டத்தின் நடுவில் சிக்கியிருந்தது. ஒரு இடைவெளி திறந்தது. முன்னால் வந்தது. நான் சொல்லியிருந்தபடியே கம்பத்தைத் தாண்டியது. பிறகு கூச்சல்.

லென்சைத் துடைத்தேன். அழுக்கு ஏதும் இல்லை.

பழைய பைனாகுலர், இரவல் வாங்கியது. கண்ணாடியில் ஏதோ கோளாறு.


மே 5

பைனாகுலரைப் பைக்குள் போட்டுவிட்டேன். இன்று வெறுங்கண்தான்.

மதியம் ஒரு பந்தயம் பார்த்தேன். ஜெரோம் சிவப்புத் தொப்பி. மூன்றாவதாக வந்தார். தயாளன் அண்ணாவுக்கு எண்களைச் சொன்னேன். கீழிருந்து அக்கா கேட்டாள். வந்துட்டார், பத்திரமா என்றேன். ரேடியோ நின்றது. சிறிது நேரத்தில் அக்கா இரண்டு டம்ளர் டீயோடு படியேறி வந்தாள். அவள் மாடிக்கு வந்தது இதுவே முதல் தடவை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒண்ணுதான் அவனுக்கு. இனி நிம்மதி" என்றாள்.

அப்போது மைதானத்தில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. குளம்புகள். தரை அதிர்ந்தது. டீயில் ஒரு வளையம்.

"இது?"

"அடுத்த ரேஸ்க்கா."

அவளுக்குப் பின்னால் சிவப்புத் தொப்பி ஓடிக்கொண்டிருந்தது. அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். அது மூன்றாவதாக வரும்வரை நான் என் டீயைத் தொடவில்லை.

"ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க? ஒழுங்காச் சாப்பிடு. அவன் கூடச் சேர்ந்து நீயும் பட்டினி கிடக்காத."


மே 8

ஆய்வேட்டுக்கு ஒரு குறிப்பு. 'மாட்டிக்கிட்டேன்', 'செத்தேன்', 'முடிஞ்சுது' எல்லாம் இறந்தகாலம். சொல்லும்போது எதுவும் நடந்திருக்காது. நிச்சயத்தைக் காட்டுவதற்கு இறந்தகாலம் என்று எழுதியிருந்தேன். பேசுபவர் உண்மையிலேயே அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்ற சாத்தியத்தை எந்த இலக்கண நூலும் எடுத்துக்கொள்ளவில்லை.

வழிகாட்டிக்கு இதை அனுப்ப முடியாது.


மே 11

நல்ல வெயில். மரங்களின் நிழல் புல்லில் வெட்டி வைத்ததுபோல் விழுந்திருந்தது. இதை முதலில் எழுத வேண்டும். வெயில்.

இரண்டாம் பந்தயம். ஜெரோம் அதில் இல்லை. கேட் திறந்தது. நான் சொல்லத் தொடங்கினேன். வளைவை நோக்கி வரும்போது மைதானத்தில் பனி இருந்தது. பாதிப் புல்லை மூடியிருந்தது. வெயில் என் கைமேல் பட்டுக்கொண்டிருக்கிறது, அங்கே பனி.

பனியிலிருந்து ஒரே ஒரு குதிரை வெளியே வந்தது. பின்னால் யாரும் இல்லை. நான்காம் எண். மஞ்சள் தொப்பி. அதன் முன்னங்கால்கள் திடீரென்று இல்லாமல் போயின. அப்படித்தான் இருந்தது. மேலே இருந்தவன் பறக்கவில்லை, உருளவில்லை. குதிரைக்கு அடியில் போனான். எல்லாப் பந்தயத்திலும் பின்னாலேயே வரும் ஆம்புலன்ஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்கள் ஓடவில்லை. நடந்தே போனார்கள்.

என் வாயிலிருந்து வந்தது: "நாலு போயிட்டான்."

"போயிட்டானா? நல்லாப் பாத்தியா?"

"போயிட்டான். நாலு போயிட்டான்ணா."

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெயில். பந்தயம் முடிந்திருந்தது. எல்லாக் குதிரைகளும் நடந்து திரும்பிக்கொண்டிருந்தன. மஞ்சள் தொப்பி எதுவுமே இல்லை. நான்காம் எண் ஒரு வெள்ளைத் தொப்பி, கடைசியில் வந்துகொண்டிருந்தது.

போன் கொதித்தது.

"என்ன கண்ணு இது! உன் பேச்சைக் கேட்டு இருக்கறதெல்லாம் நாலு மேல கட்டினேன். அது வால்ல தொங்கிட்டு வருது! முன்னாடி பிரிஞ்சு போயிட்டான்னுதான சொன்ன?"

நான் சொன்ன 'போயிட்டான்' வேறு.

"வாயத் தொறந்து சொல்லு. போயிட்டான்னா போயிட்டான்தான?"

"ஆமாண்ணா."

அதற்குமேல் என்ன விளக்குவது? குதிரை முன்னால் போவதற்கும் மனிதன் செத்துப்போவதற்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதுவும் எப்போதும் முடிந்துபோனதாகவே சொல்கிறோம்.


மே 12

தலைவலி என்று தயாளன் அண்ணாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அக்கா படிக்கட்டடியில் வந்து கேட்டாள். சாத்திக்கொண்டு எப்படிச் சொல்வது? திறந்தேன். நீலத் தொப்பி. வந்துட்டான்.


மே 15

போர்வையைத் துவைத்தேன். ஜெரோம் ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்து கொடுத்தான். இரண்டு பேரும் எதிரெதிராக முறுக்கினோம். தண்ணீர் என் கால்மேல் கொட்டியது. "ஃபினிஷ் நல்லா இருக்கு டாக்டரம்மா, ஸ்டார்ட்தான் வீக்" என்றான்.

மஞ்சள் தொப்பி போட்டு ஓட்டுவீர்களா என்று கேட்டேன். குதிரை முதலாளி என்ன நிறம் கொடுக்கிறாரோ அதுதான் என்றான். மஞ்சள் இந்த மலையில் ஒரே ஒரு முதலாளியுடையது. அவர் இவனுக்குக் குதிரை தந்ததே இல்லையாம்.

நன்றாகத் தூங்கினேன்.


மே 19

இன்று எல்லாம் அந்தந்த நேரத்தில் நடந்தது. கேட் திறந்த பிறகு ஓடின. ஓடிய பிறகு வந்தன. கூச்சல் கூடவே கேட்டது. தயாளன் அண்ணாவுக்கு எரிச்சல். "பழையபடி சொல்லு கண்ணு, மந்தமாயிட்ட" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைவீதிக்குப் போய் அக்காவுக்கு டீயோடு தின்ன வர்க்கி வாங்கி வந்தேன்.


மே 22

சமையலறையில் அக்கா பாடிக்கொண்டிருந்தாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெரிய கோப்பைப் பந்தயம். ஓட்ட வேண்டியவருக்குத் தோள் பிசகிவிட்டது. குதிரை ஜெரோமுக்கு வந்திருக்கிறது. இந்த சீசனின் நல்ல குதிரைகளில் ஒன்று.

எந்த எண் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். உடுப்பைக்கூடக் கையோடு கொண்டு வந்திருந்தான். மேசைமேல் விரித்துக் காட்டினான். மஞ்சள் பட்டு. அக்கா ஓரத்தைத் தடவிப் பார்த்து, ஒரு பொத்தான் ஆடுகிறது, தைத்துத் தருகிறேன் என்றாள்.


மே 23

சொல்லிவிட்டேன்.

அவன் ஓடிவிட்டு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். பிளாஸ்டிக் கோட்டுக்குள் வியர்வை சலசலத்தது.

"ஞாயித்துக்கிழமை ஏறாதீங்க."

"ஏன் டாக்டரம்மா, ராகு காலமா?"

ஜன்னலைப் பற்றி முதலில் சொன்னேன். பிறகு தயாளன் அண்ணாவைப் பற்றி, காதில் இருக்கும் போனைப் பற்றி. அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"தெரியும். கேட்டுக்குப் போறப்பவே உங்க பைனாகுலர் கண்ணாடி மின்னும். இந்த ரோட்ல எத்தனை ஜன்னல் மின்னுதுன்னு நினைக்கறீங்க? நீங்க ஒருத்தர்தான் அக்காவுக்கும் சேர்த்துச் சொல்றீங்க. அதனால உங்களை விட்டுட்டேன்."

பிறகு மற்றதைச் சொன்னேன். பனியை, மஞ்சள் தொப்பியை, முன்னங்கால்களை, நடந்து போனவர்களை. சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோட்டின் கைகளை இறக்கி உள்ளே இருந்த தண்ணீரை வடித்தான்.

"யாரு ஜெயிச்சா?"

"என்னது?"

"அந்த ரேஸ்ல. யாரு ஜெயிச்சா?"

"நான் அதைப் பார்க்கல."

"அதைப் பார்க்காம வேற என்ன பார்த்தீங்க!" இப்போது சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "விழறதுக்கு முன்னாடி? நான் எங்க இருந்தேன்?"

பொய் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் இருந்தீர்கள், கடைசியில் இருந்தீர்கள் என்று.

"முன்னாடி."

"ஒரு தலை முன்னாடியா, ரெண்டு தலையா?"

"பின்னாடி யாருமே இல்ல. எல்லாரையும் விட்டுட்டு..."

"போயிட்டனா?"

"போயிட்டீங்க."

அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கல்லில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தான்.

"நான் ஏறின நாள்லேர்ந்து ஒரு குதிரையும் என்னை எடுத்துட்டு அப்படிப் போனதில்ல டாக்டரம்மா. எல்லா ரேஸ்லயும் எனக்கு முன்னாடி வேற ஒருத்தன் முதுகு. நீங்க சொல்லலன்னா பயத்துல வேண்டாம்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்ப எப்படிச் சொல்றது?"

"நான் இதைச் சொன்னது நீங்க ஏறாம இருக்கறதுக்கு."

"தெரியுது. அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

அக்காவிடம் சொல்ல முடியாது. அவளிடம் சொன்னால் அது நடந்துவிட்ட செய்தி ஆகிவிடும்.


மே 25

எதுவும் எழுத வரவில்லை. அக்கா பொத்தானைத் தைத்துவிட்டாள். பல்லால் நூலைக் கடித்தாள்.

தயாளன் அண்ணா: "நாளைக்குக் கடைசி. பெரிய ரேஸ். தூக்கிறலாம். நாலாம் நம்பரு நல்ல குதிரைங்கறானுக, நீ என்ன சொல்ற?"

நாளை ஜன்னலில் உட்கார மாட்டேன் என்றேன்.

"என்ன கண்ணு, காத்துக் கருப்பு எதுனா அடிச்சிருச்சா? பாக்கறதச் சொல்றதுக்கு என்ன கஷ்டம் உனக்கு?"


மே 26

காலையில் வெயில். ஒரு துளி பனிகூட இல்லை. நான் பார்த்ததில் பனி இருந்தது. வெயில் இப்படியே இருக்கட்டும் என்று ஜன்னல் கட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

ஜெரோம் ஷூவைக் கட்டிக்கொண்டே மேலே பார்த்தான்.

"ஜன்னல்ல இருப்பீங்கதான?"

"மாட்டேன்."

"அப்போ அக்காவுக்கு யாரு சொல்றது?"

பதில் சொல்வதற்குள் போய்விட்டான். வாசல் கேட்டின் கொக்கியை மட்டும் மாட்டிவிட்டுப் போனான்.

மதியத்துக்குமேல் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. தைல மரங்களின் அடி மறைந்தது, பிறகு இடுப்பு. தூறல். நான் திரையை இழுத்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. தயாளன் அண்ணா. மறுபடி அடித்தது. அணைத்தேன். கீழே ரேடியோ. வெளியே மைதானத்து ஒலிபெருக்கி குதிரைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுக்குள் விடத் தொடங்கியிருந்தார்கள். பந்தயம் இன்னும் தொடங்கவில்லை.

அக்கா படிக்கட்டடியில் வந்து நின்றாள். ரேடியோச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் தெரியாது.

"இன்பா, வந்துட்டானா?"

'இன்னும் இல்லக்கா' என்பதுதான் உண்மை. அந்த 'இன்னும்' என்ற சொல்லுக்குள் எல்லாமே நடந்துவிட இடம் இருந்தது. நான் சொன்னவை எல்லாம், சொன்ன பிறகு நடந்திருக்கின்றன. இதுவும் நடக்கட்டும் என்று நினைத்தேன். பார்க்காமல் சொன்னேன். இதுவரை பார்க்காமல் ஒன்றும் சொன்னதில்லை.

"வந்துட்டான்க்கா."

"பத்திரமாவா?"

"பத்திரமா."

அவள் நெஞ்சிலிருந்து மூச்சு இறங்கியது மாடிவரை கேட்டது. அடுத்து, வாசல் கேட்டின் கொக்கிச் சத்தம்.

"அக்கா, கதவைத் தொற."

ஜெரோமின் குரல்.

பாதிப் படி இறங்கிப் பார்த்தேன். சமையலறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் உடுப்பு. வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. அவன் தோள், முடி, ஷூ எல்லாம் காய்ந்திருந்தன.

"ஜெயிச்சியாடா?" அக்கா அடுப்புப் பக்கம் திரும்பியபடியே கேட்டாள்.

"முன்னாடி இருந்தேன்க்கா."

"அது போதும். உள்ளங்கால் ஜில்லுன்னு இருக்கும், பெஞ்சுமேல தூக்கி வை. சோறு போடட்டுமா? கொஞ்சமா?"

"நிறையப் போடு."

"அப்படிக் கேளுடா என் ராசா! சீசன் முடிஞ்சாத்தான் உனக்கு வயிறே தெரியுது."

அவன் என்னைப் பார்த்தான். "என்ன டாக்டரம்மா, சீக்கிரமே வந்துட்டேன்" என்றான். கேலியா என்று தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

வெளியே மைதானத்தில் கேட் திறந்தது. குளம்புகள்.

மாடிக்கு ஓடித் திரையை விலக்கினேன். பாதி மைதானத்தைப் பனி மூடியிருந்தது. குதிரைகள் எல்லாம் அதனுள் போயின. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான்காம் எண் தனியாக வெளியே வந்தது. மஞ்சள் தொப்பி. பின்னால் யாரும் இல்லை. அவன் குதிரையின் கழுத்தோடு கழுத்தாகப் படுத்திருந்தான். அவ்வளவு அழகாக ஒருவன் ஓட்டி நான் பார்த்ததில்லை. யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் போயிட்டான், போயிட்டான் என்று கத்தியிருப்பேன்.

முன்னங்கால்கள். பிறகு மற்றதெல்லாம். எதுவும் மாறவில்லை. ஆம்புலன்ஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கி நடந்து போனார்கள். ஒரு பச்சைத் துணியை விரித்து மறைப்பாகப் பிடித்தார்கள். கூட்டத்தில் சத்தமே இல்லை.

கீழே அக்கா சிரித்தாள். அவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மறுபடி சிரித்தாள். கரண்டி தட்டில் படும் சத்தம்.

தயாளன் அண்ணா சொல்லிக்கொடுத்தது இதுதான். நடப்பதற்கும் தெரிவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. முதலில் பார்த்தவருக்கு அது சொந்தம். கீழே இன்னும் படம் வந்து சேரவில்லை.

எவ்வளவு நேரம் ஜன்னலில் நின்றேன் என்று தெரியாது. சாலையிலிருந்து நம் சந்துக்குள் இரண்டு பேர் குடையோடு ஏறி வந்தார்கள். கிளப் அடையாள அட்டை கழுத்தில். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான் பின்வழியாக இறங்கி, அவர்கள் நம் கேட்டைத் தொடுவதற்கு முன்னால் எதிரே போய் நின்றேன்.

"ஏம்மா, ஜாக்கி ஜெரோம் வீடு எது? அவங்க அக்கா போன் ஆஃப்ல இருக்கு."

பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மற்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நம் வீட்டுக்குள்ளிருந்து ரேடியோ கேட்டது.

"இங்க இல்ல. இன்னும் மேல போகணும். சர்ச்சைத் தாண்டி, பச்சைக் கேட்."

"ரொம்ப தூரமா?"

"ஏத்தம். மெதுவாப் போங்க."

அப்படி ஒரு பச்சைக் கேட் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் ஏறிப் போனார்கள். குடைகள் பனிக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து கதவைத் தாழிட்டு, எனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தேன்.